இருபட்டை மற்றும் முப்பட்டை மெஷ் வை-ஃபை

மெஷ் வை-ஃபை என்பது ஒன்றுக்கு மேற்பட்ட கம்பியில்லா அலகுகள் தமக்குள் தொடர்புகொண்டு, ஒரு வீடு முழுவதற்கும் ஒரே பெயரும் ஒரே கடவுச்சொல்லும் உடைய இணைய இணைப்பை வழங்கும் வலையமைப்பு ஆகும். இவ்வலகுகளில் ஒன்று இணையச் சேவை நிறுவனத்தின் மோடத்துடன் கம்பி மூலம் இணைக்கப்படுகிறது. இது முதன்மை அலகு ஆகும். ஏனையவை துணை அலகுகள் எனப்படும். அவை வீட்டின் பிற பகுதிகளில் வைக்கப்பட்டு, முதன்மை அலகுடன் வானலைகள் வழியாகவோ கம்பி வழியாகவோ தொடர்புகொள்கின்றன.

வீட்டுப் பயன்பாட்டுக்கான மெஷ் கருவிகள் இரு வகைகளாக விற்கப்படுகின்றன. இரண்டு அலைப்பட்டைகளில் இயங்குபவை இருபட்டைக் கருவிகள் எனவும், மூன்று அலைப்பட்டைகளில் இயங்குபவை முப்பட்டைக் கருவிகள் எனவும் அழைக்கப்படுகின்றன. கடைகளில் இவை முறையே டூயல் பேண்ட், டிரை பேண்ட் என்ற பெயர்களால் அறியப்படுகின்றன. முப்பட்டைக் கருவிகள் பொதுவாக விலை கூடியவை. அக்கூடுதல் விலைக்கு உரிய பயன் எல்லா வீடுகளிலும் கிடைப்பதில்லை. வீட்டின் அமைப்பு, இணைய இணைப்பின் வேகம், அலகுகளை இணைக்கும் முறை ஆகிய மூன்றுமே பயனைத் தீர்மானிக்கின்றன.

அலைப்பட்டைகள்

வை-ஃபை கருவிகள் மூன்று அதிர்வெண் பட்டைகளைப் பயன்படுத்துகின்றன.

2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டை: மிகப் பழையது. சுவர்களை ஊடுருவிச் செல்வதில் மற்ற இரண்டையும் விடச் சிறந்தது. ஆயினும் இப்பட்டை குறுகியது. ஒன்றன்மேல் ஒன்று படியாத 20 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளாக 1, 6, 11 ஆகிய மூன்றே பொதுவாகப் பயன்படுகின்றன. நுண்ணலை அடுப்பு, புளூடூத் கருவிகள், பக்கத்து வீட்டு வலையமைப்புகள் ஆகியனவும் இதே பட்டையில் இயங்குவதால் இடையூறு மிகுதி.

5 கிகாஹெர்ட்ஸ் பட்டை: அகன்றது, வேகம் கூடியது. 80 அல்லது 160 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள அலைவரிசைகளை இதில் அமைக்கலாம். திறந்த வெளியிலும் கூட, ஒரே தொலைவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை விட ஏறத்தாழ 7 டெசிபெல் கூடுதல் இழப்பு இதற்கு ஏற்படுகிறது. சுவர்கள் குறுக்கிடும்போது இவ்வேறுபாடு மேலும் கூடுகிறது.

6 கிகாஹெர்ட்ஸ் பட்டை: 2020 ஆம் ஆண்டு முதல் பல நாடுகளில் திறந்துவிடப்பட்டது. வை-ஃபை 6ஈ, வை-ஃபை 7 ஆகிய தலைமுறைகளைச் சேர்ந்த கருவிகள் மட்டுமே இதைப் பயன்படுத்த முடியும். பழைய கைபேசிகளும் மடிக்கணினிகளும் இப்பட்டையில் உள்ள வலையமைப்பைக் காண இயலாது. இப்பட்டையில் டபிள்யூபிஏ3 பாதுகாப்பு முறை கட்டாயம் ஆகும்.

இருபட்டைக் கருவி என்பது வழக்கமாக 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் பட்டைகளுக்கு ஒவ்வொன்றாக இரண்டு ரேடியோக்களைக் கொண்டிருக்கும். முப்பட்டைக் கருவியில் மூன்றாவதாக ஒரு ரேடியோ உள்ளது. அது எந்தப் பட்டையில் இயங்குகிறது என்பதைப் பொறுத்து முப்பட்டைக் கருவிகள் இரு வகைப்படும்.

முதல் வகையில் 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையே இரு கூறாகப் பிரிக்கப்பட்டு, கீழ்ப்பகுதிக்கு ஒரு ரேடியோவும் மேற்பகுதிக்கு ஒரு ரேடியோவும் அமைகின்றன. இதில் உண்மையில் இரண்டு பட்டைகளும் மூன்று ரேடியோக்களும் உள்ளன. வை-ஃபை 5, வை-ஃபை 6 தலைமுறை முப்பட்டைக் கருவிகள் இவ்வகையைச் சேர்ந்தவை. இரண்டாம் வகையில் 2.4, 5, 6 கிகாஹெர்ட்ஸ் என மூன்று தனிப் பட்டைகள் உள்ளன. இரு வகைகளும் ஒரே பெயரில் விற்கப்படுவதால், பெட்டியின் மீதுள்ள பெயரை மட்டும் கொண்டு வகையை அறிய முடியாது.

வரலாறு

உரிமம் இன்றி வானலைகளைப் பயன்படுத்தும் வழக்கத்துக்கு 1985 ஆம் ஆண்டில் அமெரிக்கக் கூட்டாட்சித் தொடர்பு ஆணையம் எடுத்த முடிவு வழிவகுத்தது. தொழில், அறிவியல், மருத்துவப் பயன்பாட்டுக்கென ஒதுக்கப்பட்டிருந்த பட்டைகளில் தரவுத் தொடர்புக் கருவிகளும் இயங்க அது இடமளித்தது. 1997 இல் 802.11 என்ற முதற் செந்தரம் வெளியானது. அதன் உச்ச வேகம் நொடிக்கு 2 மெகாபிட் மட்டுமே. 1999 இல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டைக்கான 802.11பி, 5 கிகாஹெர்ட்ஸ் பட்டைக்கான 802.11ஏ ஆகியன வெளியாயின. இரு பட்டைகளிலும் இயங்கும் 802.11என் 2009 இலும், 802.11ஏசி 2013 இலும், 802.11ஏஎக்ஸ் 2021 இலும் செந்தரங்களாக ஏற்கப்பட்டன. இவற்றுக்கு வை-ஃபை 4, 5, 6 என்ற எளிய பெயர்களை வை-ஃபை கூட்டமைப்பு 2018 இல் அறிவித்தது.

மெஷ் என்ற கருத்து வீடுகளுக்காகத் தோன்றியதன்று. 2000களின் தொடக்கத்தில் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ரூஃப்நெட் திட்டம், கேம்பிரிட்ஜ் நகரில் வீட்டுக் கூரைகளில் வைக்கப்பட்ட வை-ஃபை அலகுகளை ஒன்றோடொன்று இணைத்தது. மெஷ் வலையமைப்புக்கான 802.11எஸ் செந்தரம் 2011 இல் வெளியானது.

வீட்டு மெஷ் கருவிகள் 2016 ஆம் ஆண்டில் பரவலாக விற்பனைக்கு வந்தன. அவ்வாண்டின் தொடக்கத்தில் ஈரோ கருவியும், இறுதியில் கூகுள் வை-ஃபை கருவியும் இருபட்டைக் கருவிகளாக வெளிவந்தன. அதே ஆண்டில் நெட்கியர் நிறுவனம் ஆர்பி என்ற முப்பட்டைக் கருவியை வெளியிட்டது. அதன் மூன்றாவது ரேடியோ அலகுகளுக்கு இடையிலான தொடர்புக்கு மட்டுமே ஒதுக்கப்பட்டிருந்தது. இருபட்டையா, முப்பட்டையா என்ற கேள்வி வீட்டு மெஷ் கருவிகளுடன் சேர்ந்தே தோன்றியது எனலாம். 2017 இல் வெளியான லிங்க்சிஸ் வெலாப் முப்பட்டைக் கருவியாகவும், டிபி-லிங்க் டெக்கோ எம்5 இருபட்டைக் கருவியாகவும் அமைந்தன.

செயற்படும் முறை

துணை அலகுக்கும் முதன்மை அலகுக்கும் இடையிலான தொடர்பு பேக்ஹால் எனப்படுகிறது. அலகுக்கும் கைபேசி, கணினி முதலிய பயனர் கருவிகளுக்கும் இடையிலான தொடர்பு பயனர் இணைப்பு ஆகும். துணை அலகின் அருகில் உள்ள ஒரு கைபேசி இணையத்தை அடைய வேண்டுமாயின், அதன் தரவு இவ்விரு இணைப்புகளையும் கடக்க வேண்டும்.

வை-ஃபை ரேடியோ ஒன்று ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் இயலாது. அதே அலைவரிசையில் உள்ள வேறொரு கருவி அனுப்பும்போதும் அது காத்திருக்க வேண்டும். ஆகவே பேக்ஹாலும் பயனர் இணைப்பும் ஒரே அலைவரிசையில் அமையும்போது, ஒவ்வொரு தரவுப் பொதியும் அதே வானலையில் இருமுறை பயணம் செய்கிறது. வானலையின் நேரம் இரண்டாகப் பங்கிடப்படுகிறது. இருபட்டைக் கருவிகளின் முதன்மையான குறைபாடு இதுவே.

இக்குறைபாட்டை நீக்கும் பொருட்டே மூன்றாவது ரேடியோ சேர்க்கப்பட்டது. பேக்ஹால் ஓர் அலைவரிசையிலும் பயனர் இணைப்பு வேறோர் அலைவரிசையிலும் நடைபெறுவதால், துணை அலகு ஒரு பக்கம் பெற்றுக்கொண்டே மறுபக்கம் அனுப்ப முடிகிறது. சில கருவிகளில் மூன்றாவது ரேடியோ பேக்ஹாலுக்கு மட்டுமே ஒதுக்கப்பட்டிருக்கும். வேறு சிலவற்றில் அது பயனர் கருவிகளுக்கும் பயன்படுகிறது. அவற்றில் எந்த ரேடியோ பேக்ஹாலாக அமைய வேண்டும் என்பதைக் கருவியின் மென்பொருளே அவ்வப்போது முடிவு செய்கிறது.

வேக இழப்பு: ஓர் எடுத்துக்காட்டு

இரு வகைகளுக்கும் உள்ள வேறுபாட்டை எளிய கணக்கின் மூலம் விளக்கலாம். முதன்மை அலகுக்கும் துணை அலகுக்கும் இடையே 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் நடைமுறையில் நொடிக்கு 400 மெகாபிட் கிடைப்பதாகக் கொள்வோம். துணை அலகுக்கும் அதே அறையில் உள்ள கைபேசிக்கும் இடையேயும் 400 மெகாபிட் கிடைக்கிறது எனக் கொள்வோம்.

இருபட்டைக் கருவியில் இவ்விரு இணைப்புகளும் ஒரே அலைவரிசையைப் பங்கிட்டுக்கொள்வதால் கைபேசிக்கு 200 மெகாபிட் கிடைக்கும். முப்பட்டைக் கருவியில் 400 மெகாபிட் கிடைக்கும். இங்கு வேறுபாடு இரு மடங்கு ஆகும். ஆனால் அவ்வீட்டின் இணைய இணைப்பு நொடிக்கு 100 மெகாபிட் எனில், இரு கருவிகளிலும் கைபேசிக்குக் கிடைப்பது 100 மெகாபிட் மட்டுமே. இணைய இணைப்பு 300 மெகாபிட் எனில், முதலாவதில் 200, இரண்டாவதில் 300 கிடைக்கும்.

இப்போது இரு அலகுகளுக்கும் இடையே தடித்த சுவர்கள் குறுக்கிட்டு, பேக்ஹால் 100 மெகாபிட்டாகக் குறைந்துவிட்டதாகக் கொள்வோம். கைபேசி இணைப்பு முன்போலவே 400 மெகாபிட் ஆகும். இருபட்டைக் கருவியில் 100 மெகாபிட் தரவு பேக்ஹாலைக் கடக்க ஒரு நொடியும், கைபேசியை அடைய மேலும் கால் நொடியும் தேவைப்படுவதால், மொத்த வேகம் 80 மெகாபிட் ஆகிறது. முப்பட்டைக் கருவியில் அது 100 மெகாபிட் ஆகும். இரு மடங்காக இருந்த வேறுபாடு கால் பங்காகச் சுருங்கிவிடுகிறது.

இதிலிருந்து பெறப்படும் முடிவு முதன்மையானது. பேக்ஹால் வலுவாக இருக்கும் இடத்தில்தான் மூன்றாவது ரேடியோ முழுப் பயனைத் தருகிறது. பேக்ஹால் நலிந்திருக்கும் வீட்டில், கூடுதல் விலை கொடுத்து முப்பட்டைக் கருவி வாங்குவதை விட, துணை அலகை ஓர் அறை முன்னே நகர்த்தி வைப்பது கூடுதல் பயன் தரும்.

இருபட்டைக் கருவியிலும் பயனர் கருவி 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் இணைந்து, பேக்ஹால் 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் அமையுமாயின், நேரப் பங்கீடு ஏற்படுவதில்லை. ஆயினும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையின் வேகமே அங்கு எல்லையாகிவிடும்.

தொடர் இணைப்பு

மூன்று அலகுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கிலி போல இணைக்கப்படும்போது இழப்பு மேலும் கூடுகிறது. மேற்கண்ட எடுத்துக்காட்டில் ஒவ்வோர் இணைப்பும் 400 மெகாபிட் எனில், இருபட்டைக் கருவியில் கடைசி அலகின் பயனருக்கு ஏறத்தாழ 133 மெகாபிட் கிடைக்கும். முப்பட்டைக் கருவியிலும் இரு பேக்ஹால் இணைப்புகள் ஒரே அலைவரிசையைப் பங்கிடுவதால் 200 மெகாபிட்டே கிடைக்கும். மூன்றாவது ரேடியோ முதல் தாவலின் இழப்பை மட்டுமே நீக்குகிறது. எனவே முதன்மை அலகை வீட்டின் ஒரு மூலையில் வைத்துச் சங்கிலி அமைப்பதை விட, நடுவில் வைத்து இரு புறமும் துணை அலகுகளை அமைப்பது சிறந்தது.

தாமதம்

வேகத்தைப் போலவே தாமதமும் கருத்தில் கொள்ளப்பட வேண்டியது. நிகழ்படப் பேச்சு, இணைய விளையாட்டு போன்றவற்றுக்குச் சில மெகாபிட் வேகமே போதுமானது. ஆனால் பொதிகள் தாமதமின்றி, சீரான இடைவெளியில் வந்து சேர வேண்டும். ஒரே வீட்டில் ஒருவர் பெரிய கோப்பைத் தரவிறக்கும்போது, இருபட்டைக் கருவியின் பகிர்ந்த அலைவரிசையில் மற்றொருவரின் பேச்சு தடைபடக்கூடும். வீட்டிலிருந்து பணி புரிவோரும் இணைய வழியில் கற்போரும் ஒரே நேரத்தில் இருக்கும் வீடுகளில் முப்பட்டைக் கருவியின் பயன் பெரும்பாலும் இவ்வகையிலேயே உணரப்படுகிறது.

கம்பி வழிப் பேக்ஹால்

அலகுகளுக்கிடையே ஈதர்நெட் கம்பி பொருத்தப்பட்டால், வானலைப் பேக்ஹாலே தேவைப்படாது. எல்லா ரேடியோக்களும் பயனர் கருவிகளுக்கே கிடைக்கின்றன. கேட் 5ஈ வகைக் கம்பி 100 மீட்டர் தொலைவு வரை நொடிக்கு 1 கிகாபிட் வேகத்தைச் சுவர்களின் இடையூறு இன்றிக் கடத்தும். இத்தகைய வீட்டில் இருபட்டைக் கருவி, கம்பியில்லாப் பேக்ஹால் கொண்ட முப்பட்டைக் கருவியை விடச் சிறப்பாகவே இயங்கும்.

மூன்றாவது ரேடியோவைப் பேக்ஹாலுக்கு மட்டும் ஒதுக்கியுள்ள கருவிகளில், கம்பி பொருத்திய பின்னர் அந்த ரேடியோ பயனின்றிக் கிடக்கும். எனவே கம்பி இழுக்க வாய்ப்புள்ள வீடுகளில் முப்பட்டைக் கருவி வாங்குவது பெரும்பாலும் வீண் செலவாகும். புதிதாக வீடு கட்டுவோர் மின்கம்பிக் குழாய்களை அமைக்கும்போதே, ஒவ்வொரு தளத்துக்கும் தனியாக ஒரு குழாய் வழி ஈதர்நெட் கம்பி இட்டுவைப்பது பிற்காலச் செலவைத் தவிர்க்கும். மின்சாரக் கம்பியும் தரவுக் கம்பியும் ஒரே குழாயில் இடப்படுவது தவிர்க்கப்பட வேண்டும்.

துணை அலகுகள் அனைத்திலும் ஈதர்நெட் துளை இருப்பதில்லை. 2019 இல் வெளியான கூகுள் நெஸ்ட் வை-ஃபை கருவியின் துணை அலகு இதற்கு எடுத்துக்காட்டாகும்.

சுவர்களும் வீட்டின் அமைப்பும்

மெஷ் கருவிகளின் பெட்டிகளில் குறிக்கப்படும் பரப்பளவு, இடையூறு குறைந்த சூழலைக் கருதியது. வட அமெரிக்க வீடுகளில் உட்சுவர்கள் பெரும்பாலும் மரச்சட்டங்களின் மீது ஜிப்சம் பலகை பொருத்தி அமைக்கப்படுகின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் அலைகள் அவற்றை எளிதில் கடக்கின்றன. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் செங்கல் அல்லது சிமெண்டுக் கற்களால் கட்டப்பட்டு, இருபுறமும் பூச்சு இடப்பட்ட சுவர்களே வழக்கம். தளங்களுக்கிடையே இரும்புக் கம்பி இட்ட கான்கிரீட் தளம் அமைகிறது. இவை அலைகளைப் பெரிதும் உறிஞ்சியும் எதிரொளித்தும் நலிவுறச் செய்கின்றன. ஆகவே பெட்டியில் குறித்த பரப்பளவை இவ்வீடுகளுக்கு அப்படியே பொருத்திப் பார்ப்பது பிழையாகும்.

இரும்பு பீரோ, குளிர்பதனப் பெட்டி, நிலைக்கண்ணாடி, மாடியில் உள்ள நீர்த்தொட்டி ஆகியனவும் அலைகளைத் தடுக்கும். தொலைக்காட்சிப் பெட்டியின் பின்புறத்திலோ மூடிய அலமாரியினுள்ளோ அலகை வைப்பதும் ஏற்றதன்று. மாடிப்படி உள்ள பகுதி கான்கிரீட் தளத்தில் இயல்பாகவே அமைந்த திறப்பு ஆகும். இரு தள வீடுகளில் ஓர் அலகைப் படிக்கட்டின் கீழ்ப்புறமும் மற்றொன்றை மேற்புறமும் வைப்பதால் பேக்ஹால் வலுப்பெறும்.

துணை அலகை இணைப்பே கிடைக்காத அறையில் வைப்பது பரவலாகக் காணப்படும் பிழை ஆகும். அங்கு அதற்கே நல்ல பேக்ஹால் கிடைக்காது. இணைப்பு நன்றாக உள்ள இடத்துக்கும் கிடைக்காத இடத்துக்கும் நடுவில் அதை வைக்க வேண்டும்.

நாடுகளின் விதிகள்

ஒரு முப்பட்டைக் கருவி எவ்வாறு இயங்கும் என்பது அந்நாட்டின் அலைக்கற்றை விதிகளையும் பொறுத்தது. அமெரிக்காவில் 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையின் கீழ்ப்பகுதியில் 36 முதல் 48 வரையிலும், மேற்பகுதியில் 149 முதல் 161 வரையிலும் உள்ள அலைவரிசைகள் ராடார் கட்டுப்பாடு இன்றிப் பயன்படுகின்றன. ஒவ்வொரு பகுதியிலும் ஒரே ஒரு 80 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கே இடம் உண்டு. முப்பட்டைக் கருவி இவ்விரண்டையும் எடுத்துக்கொள்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்பில் பல வீடுகளில் இத்தகைய கருவிகள் இருப்பின், எல்லாம் அதே இரு அலைவரிசைகளில் மோதுகின்றன. அங்கு மூன்றாவது ரேடியோ அளிக்கும் நன்மை குறைந்துவிடும்.

இவ்விரு பகுதிகளுக்கும் இடைப்பட்ட அலைவரிசைகள் ராடார்களுடன் பகிர்ந்துகொள்ளப்படுகின்றன. அவற்றைப் பயன்படுத்தும் முன் கருவி குறைந்தது 60 நொடிகள் ராடார் உள்ளதா எனக் கேட்டறிய வேண்டும். ராடார் உணரப்பட்டால் உடனே வேறு அலைவரிசைக்கு மாற வேண்டும். வானூர்தி நிலையங்கள், வானிலை ராடார்கள், துறைமுகங்கள் ஆகியவற்றின் அருகில் உள்ள வீடுகளில் இதனால் இணைப்பு அவ்வப்போது தடைபடலாம்.

இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டை 2005 இல் உரிம விலக்குப் பெற்றது. 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் 5150 முதல் 5350 வரை, 5470 முதல் 5725 வரை, 5725 முதல் 5875 வரை என மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றைக்கு 2018 அக்டோபரில் விலக்கு அளிக்கப்பட்டது.

6 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் நாடுகளுக்கிடையே பெரும் வேறுபாடு உள்ளது. அமெரிக்கா 2020 ஏப்ரலில் 5925 முதல் 7125 வரையிலான 1200 மெகாஹெர்ட்ஸ் முழுவதையும் திறந்தது. இதில் 160 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகள் ஏழு அமையும். ஐரோப்பிய ஒன்றியம் 2021 இல் 5945 முதல் 6425 வரையிலான 480 மெகாஹெர்ட்ஸை மட்டும் திறந்தது. இதில் மூன்றே அமையும். இந்தியாவில் 5925 முதல் 6425 வரையிலான பகுதிக்கு உரிம விலக்கு அளிப்பதற்கான வரைவு விதிகள் 2025 மே மாதத்தில் வெளியிடப்பட்டன. வெளிநாட்டில் வாங்கிக் கொண்டுவரப்படும் கருவியின் மூன்றாவது பட்டை, அது பயன்படுத்தப்படும் நாட்டின் விதிக்கு ஏற்ப முடக்கப்படலாம் அல்லது குறைக்கப்படலாம். 6 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ முடக்கப்பட்ட முப்பட்டைக் கருவி, நடைமுறையில் இருபட்டைக் கருவியே ஆகும்.

பெட்டியின் மீதுள்ள எண்கள்

ஏசி1300, ஏசி2200, ஏஎக்ஸ்3000 போன்ற குறியீடுகளில் எழுத்துகள் தலைமுறையையும், எண் எல்லா ரேடியோக்களின் கோட்பாட்டு உச்ச வேகங்களின் கூட்டுத்தொகையையும் குறிக்கின்றன. ஏசி1300 என்பது 400 மெகாபிட்டும் 867 மெகாபிட்டும் கூட்டி முழுமையாக்கப்பட்ட எண். ஏசி2200 என்பது அவற்றுடன் மேலும் ஒரு 867 மெகாபிட் ரேடியோவைச் சேர்த்தது. எந்த ஒரு கைபேசியும் இக்கூட்டு வேகத்தைப் பெற இயலாது. ஒரு ரேடியோவின் கோட்பாட்டு வேகத்தில் ஏறத்தாழப் பாதி முதல் மூன்றில் இரு பங்கு வரையே நல்ல சூழலிலும் நடைமுறையில் கிடைக்கும்.

ஆகவே மொத்த எண்ணை விட, பேக்ஹாலாக அமையும் ரேடியோவின் திறனே முதன்மையானது. 2016 இல் வெளியான ஆர்பி கருவியின் பேக்ஹால் ரேடியோ நான்கு அலையோட்டங்களுடன் 1733 மெகாபிட் கோட்பாட்டு வேகம் கொண்டிருந்தது. இரண்டு அலையோட்டங்கள் மட்டும் உள்ள ஏசி2200 வகைக் கருவிகளில் அது 867 மெகாபிட் ஆகும். இரண்டும் முப்பட்டைக் கருவிகளே. 160 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் ஏஎக்ஸ்3000 இருபட்டைக் கருவியின் 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ 2402 மெகாபிட் கோட்பாட்டு வேகம் உடையது. நேரப் பங்கீட்டுக்குப் பின்னரும் அது பழைய ஏசி2200 முப்பட்டைக் கருவியை விஞ்சக்கூடும். பழைய தலைமுறை முப்பட்டைக் கருவியை விடப் புதிய தலைமுறை இருபட்டைக் கருவி ஏற்றதாக அமையும் நேர்வுகள் உண்டு என்பதை இது காட்டுகிறது.

சில தொகுப்புகளில் முதன்மை அலகு மட்டும் முப்பட்டையாகவும் துணை அலகு இருபட்டையாகவும் இருக்கும். 2017 இல் வெளியான இரண்டாம் தலைமுறை ஈரோ கருவியும் அதன் பீக்கன் துணை அலகும் இவ்வாறானவை. இத்தகைய தொகுப்பில் துணை அலகின் பேக்ஹால் இருபட்டை முறையிலேயே இயங்கும்.

தேர்வு செய்தல்

கருவி வாங்கும் முன் பேக்ஹாலின் வலுவை எளிய சோதனையால் அறியலாம். துணை அலகு வைக்கப்படவுள்ள இடத்தில் ஒரு கைபேசியை வைத்து, ஏற்கனவே உள்ள திசைவியின் 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் இணைத்து வேகத்தை அளக்க வேண்டும். திசைவியின் அருகில் அளந்த வேகமே அங்கும் கிடைக்குமாயின், அவ்விடம் துணை அலகுக்கு ஏற்றது. 5 கிகாஹெர்ட்ஸ் இணைப்பே அங்கு கிடைக்காவிடில், எவ்வகை மெஷ் கருவியும் அவ்விடத்தில் வானலைப் பேக்ஹாலுடன் சிறப்பாக இயங்காது.

இருபட்டைக் கருவி போதுமான நேர்வுகள்:

* இணைய இணைப்பின் வேகம் நொடிக்கு 100 மெகாபிட் அல்லது அதற்கும் குறைவு.
* அலகுகளுக்கிடையே ஈதர்நெட் கம்பி உள்ளது, அல்லது இழுக்க இயலும்.
* ஒரே ஒரு துணை அலகும் குறைந்த எண்ணிக்கையிலான பயனர்களும் உள்ளனர்.
* பயன்பாடு பெரும்பாலும் உலாவல், நிகழ்படம் பார்த்தல் ஆகியவற்றுடன் நின்றுவிடுகிறது.

முப்பட்டைக் கருவி பயன் தரும் நேர்வுகள்:

* இணைய இணைப்பின் வேகம் நொடிக்கு 300 மெகாபிட்டுக்கு மேல்; துணை அலகின் பகுதியிலும் அவ்வேகம் தேவை.
* கம்பி இழுக்க இயலாத வாடகை வீடு அல்லது பழைய கட்டடம்.
* இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட துணை அலகுகள் தேவைப்படுகின்றன.
* பலர் ஒரே நேரத்தில் நிகழ்படப் பேச்சு, பெரிய கோப்புப் பரிமாற்றம் ஆகியவற்றில் ஈடுபடுகின்றனர்.

மெஷ் கருவியே தேவைப்படாத நேர்வும் உண்டு. சிறிய வீட்டில், மூலையில் உள்ள திசைவியை வீட்டின் நடுவுக்கு மாற்றி உயரத்தில் வைப்பதாலேயே குறை நீங்கக்கூடும். இதற்குத் தேவைப்படுவது சில மீட்டர் கம்பி மட்டுமே.

தவறான கருத்துகள்

முப்பட்டைக் கருவியின் அலைகள் கூடுதல் தொலைவு செல்லும் என்ற கருத்து பரவலாக உள்ளது. அலையின் எட்டம் அதிர்வெண்ணையும் பரப்பும் ஆற்றலையும் பொறுத்தது. மூன்றாவது ரேடியோ சேர்வதால் எட்டம் கூடுவதில்லை. 6 கிகாஹெர்ட்ஸ் அலையின் எட்டம் 5 கிகாஹெர்ட்ஸ் அலையை விடச் சற்றுக் குறைவே.

முப்பட்டைக் கருவி இணைய வேகத்தைக் கூட்டும் என்பதும் சரியன்று. சேவை நிறுவனம் வழங்கும் வேகத்தை வீட்டினுள் குறையாமல் கொண்டுசெல்வதே எந்த மெஷ் கருவியின் பணியும் ஆகும்.

ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குச் செல்லும்போது எந்த அலகுடன் இணைவது என்பதை மெஷ் கருவியே முடிவு செய்கிறது என்று கருதப்படுவதும் உண்டு. அலகுகள் பரிந்துரை வழங்கலாம். இறுதி முடிவைக் கைபேசியே எடுக்கிறது. தொலைவில் உள்ள அலகை விடாது பற்றிக்கொண்டிருக்கும் பழைய கைபேசியின் குறையை மூன்றாவது ரேடியோ தீர்க்காது.

வை-ஃபை 7

2024 இல் செந்தரமாக ஏற்கப்பட்ட 802.11பிஇ, வை-ஃபை 7 என அழைக்கப்படுகிறது. இதில் ஒரு கருவி ஒன்றுக்கு மேற்பட்ட பட்டைகளை ஒரே இணைப்பாகச் சேர்த்துப் பயன்படுத்த முடியும். இவ்வசதி இரு முனைகளிலும் உள்ளபோது பேக்ஹால் ஒரு பட்டைக்குள் அடங்கியிருக்க வேண்டியதில்லை. இதனால் ஒரு ரேடியோவை நிலையாக ஒதுக்கும் பழைய முறையின் தேவை குறைந்து வருகிறது. வை-ஃபை 7 பெயரில் விற்கப்படும் இருபட்டைக் கருவிகளும் உள்ளன. அவற்றில் 6 கிகாஹெர்ட்ஸ் பட்டை இல்லாததால், இத்தலைமுறையின் சிறப்பான 320 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை அவற்றில் கிடைக்காது.

இவற்றையும் பார்க்க

* வை-ஃபை
* திசைவி
* ஈதர்நெட்
* அலைக்கற்றை
* கணினி வலையமைப்பு